மூன்று விளக்கும் எரியும் நேரம்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரோடே திருச்சியை ஒட்டிக்கொண்டு போகிறது. வடக்குக் கிளை கொள்ளிடம். நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. 1830-களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டி முடிக்கும்வரை, தாழ்வாக ஓடிய கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டது. காவிரியில் மணல் ஏறித் தஞ்சாவூர்ச் சீமை காய்ந்தது. அணை வந்த பிறகு பங்கு சீரானது. சோழர் காலத்து உய்யக்கொண்டான், வடகரையில் பெருவளை வாய்க்கால், அய்யன் வாய்க்கால், பின்னர் 1950-களில் புள்ளம்பாடி வாய்க்கால், புதிய கட்டளை மேட்டு வாய்க்கால் என்று மதகு திறந்தால் பாயும் நிலம் இரு கரையிலும் விரிந்தது. இந்த நிலக்காரர்கள் நெடுங்காலம் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் பக்கம் போனால் கதை வேறு. வாய்க்கால் முடிகிற இடத்தில் கிணறு தொடங்குகிறது. துறையூர், முசிறியின் மேட்டுப் பகுதி, மணப்பாறை, மருங்காபுரி எல்லாம் மழையையும் கிணற்றையும் நம்பிய ஊர்கள். மதகை நம்பியவரும் மோட்டாரை நம்பியவரும் ஒரே மாவட்டத்தில், ஒரே கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறார்கள். வயலுக்கு இறைக்கும் மோட்டாரும் வீட்டில் எரியும் விளக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கேட்டால் யார் காத்திருப்பது? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வளர்ந்த விதத்தைத் திருச்சியை வைத்துச் சொன்னால் இரண்டு பக்கமும் தெரியும்.

மோட்டார் வருவதற்கு முன் கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது மாடு. கிணற்று விளிம்பிலிருந்து சரிந்து இறங்கும் கவலைப் பாதை, அதில் ஒரு ஜோடி மாடு. மாடு சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டு, தண்ணீர் மொண்ட சால் மேலே வரும். சாலின் அடியில் கட்டிய தோல் தும்பி வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். மாடு பின்னோக்கி மேடேறினால் சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுகிறவர் வடத்தின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். விடியுமுன் பூட்டி, வெயில் ஏறியதும் அவிழ்த்துவிட வேண்டும். வெயில் தாழ்ந்தபின் திரும்பப் பூட்டலாம். எவ்வளவு இறைக்கலாம் என்பதை மாட்டின் மூச்சுதான் முடிவு செய்தது. கிணற்று நீர் அதற்குமேல் குறையவும் வழியில்லை.

சென்னை மாகாண அரசு 1927-ல் நீர்மின்சாரத்துக்கென்று தனித் துறை அமைத்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. 1937-ல் அணையடி மின்நிலையம் உற்பத்தியைத் தொடங்கி, அங்கிருந்து ஈரோடு, திருச்சி வழியாக டெல்டாவரை கம்பி இழுக்கப்பட்டது. மேட்டூரில் காவிரி அன்று முதல் இரண்டு வேலை பார்க்கிறது. விழும்போது மின்சாரம் தருகிறது, ஓடும்போது வயலுக்குப் பாய்கிறது. பின்னால் வந்த நெருக்கடிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரட்டை வேலை இருக்கிறது. மழை பொய்த்தால் மேட்டூரில் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் மின் உற்பத்தி குறையும். வாய்க்கால் வறளும். வாய்க்கால் வறண்டால் மோட்டார் அதிக நேரம் ஓட வேண்டும். கையிருப்பு குறைகிற அதே மாதத்தில் தேவை கூடும்.

ஆனால் 1930-களின் மின்துறைப் பொறியாளர்களுக்கு இந்தப் பயம் வரவில்லை. அவர்களுடைய தலைவலி நேர் எதிரானது. நீர்மின் நிலையத்தில் கட்டும் செலவுதான் பெரிது. கட்டி முடித்தபின் தண்ணீர் விழ, சக்கரம் சுழல, செலவு சொற்பம். விளக்குக்கு மட்டும் கரண்ட் விற்றால் மாலை நாலைந்து மணி நேரம்தான் வியாபாரம். மீதி நேரம் முழுக்க இயந்திரம் சும்மா நிற்கும். கோவையில் பஞ்சாலைகள் அந்தப் பகலை நிரப்பின. பஞ்சாலை இல்லாத சீமையில் பகலை நிரப்பக் கிணற்றடி மோட்டாரை விட்டால் வேறு ஆளில்லை. ஆகவே விவசாயி கேட்டு வருமுன்பே மின்சாரம் அவரைத் தேடிப் போனது. கோவையிலேயே மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் முளைத்தன. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். அதன் பிறகு பம்ப் செட் விலை ஒரு நடுத்தர விவசாயி கடன் வாங்கியாவது தொடக்கூடிய தூரத்துக்கு வந்தது.

காமராஜர் முதலமைச்சராகவும் ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராகவும் இருந்த ஆண்டுகளில் இந்த வேகம் பல மடங்கானது. 1957 ஜூலை 1-ல் சென்னை மாநில மின்வாரியம் பிறந்தது. ஒரு கிராமத்துக்குக் கம்பி இழுக்கும் செலவு கட்டுபடியாக வேண்டுமென்றால் அங்கே சில மோட்டார்களாவது ஓட வேண்டும். பத்துக் கிணற்றுக்கு இணைப்பு கேட்டு மனு வந்தால் கம்பி வரும். கம்பி வந்தால் தெருவிளக்கும் பள்ளிக்கூட விளக்கும் கூடவே வரும். பல ஊர்களில் முதல் விளக்கு எரிந்ததற்குக் காரணம் கிணற்று மோட்டார். 1960-களின் நடுவில் இந்தியாவில் மின்சாரத்தில் ஓடிய பம்ப் செட்டுகளில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் இருந்தது. அதே பத்தாண்டில் திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கிய உதவியுடன் பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை எழுந்தது. நாட்டின் அனல்மின் நிலையங்களுக்குக் கொதிகலன் செய்து அனுப்பும் மாவட்டத்திலேயே, சில ஆண்டுகள் கழித்து, இரவு 10 மணிக்குக் கரண்ட் வரும் என்று விவசாயிகள் வரப்பில் காத்திருந்தார்கள்.

மாட்டின் மூச்சு விதித்த எல்லை போய்விட்டது. அந்த இடத்தில் மீட்டர் இருந்தது. யூனிட்டுக்கு இவ்வளவு பைசா என்று கட்ட வேண்டியிருந்ததால் கை கொஞ்சம் அடங்கியது. அந்தப் பைசாதான் 1970-களில் தமிழ்நாட்டைக் கொந்தளிக்க வைத்தது.

1970-ல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆனது. 2 பைசாவுக்கா இவ்வளவு போராட்டம் என்று நகரத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீரில் கரும்பும் பருத்தியும் போட்டவருக்கு அது வருஷக் கணக்கில் பெரிய தொகை. வாய்க்கால் பாசனக்காரர் தண்ணீருக்கு வரி கட்டினார். கிணற்றுப் பாசனக்காரர் கிணறு வெட்டக் கடன், மோட்டாருக்குக் கடன், அதற்குமேல் கரண்ட் பில் என்று எல்லாவற்றையும் தானே சுமந்தார். இந்த மனக்குறையைத்தான் சி. நாராயணசாமி நாயுடு தமிழக விவசாயிகள் சங்கமாகத் திரட்டினார். 1970 ஜூன் 19 அன்று திருப்பூருக்கு அருகே பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்தார்கள். கட்டணத்தில் 1 பைசா குறைக்கப்பட்டது. 1972-ல் மறுபடி உயர்வு, மறுபடி போராட்டம். மாட்டு வண்டிகள் கோவை நகரத் தெருக்களில் வந்து நின்று போக்குவரத்தையே நிறுத்தின. அந்த ஆண்டு ஜூலை 5-ல் நடந்த துப்பாக்கிச் சூடுகளில் இன்னும் பல விவசாயிகள் உயிர் விட்டார்கள். ஜூலை 5 இன்றும் உழவர் தியாகிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்தப் போராட்டத்தின் பலம் மேற்கே, கிணற்றுச் சீமையில். டெல்டா பெரும்பாலும் ஒதுங்கி நின்றது. மதகு திறந்தால் பாயும் நிலக்காரருக்கு யூனிட் விலை அன்று தன் பிரச்சினையாகத் தெரியவில்லை.

1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு மின்சாரத்தை இலவசமாக்கியது. மற்றவர்களுக்குக் குதிரைத்திறன் கணக்கில் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டணம். மோட்டார் பத்து மணி நேரம் ஓடினாலும் இருபது மணி நேரம் ஓடினாலும் ஒரே தொகை. நாராயணசாமி நாயுடு அந்த ஆண்டு டிசம்பரில் காலமானார். 1990-ல் கருணாநிதி அரசின் காலத்தில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. சுடப்பட்டு இறந்தவர்களின் ஊரில் இதை வெறும் சலுகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வதும் நியாயமில்லை. ரத்தம் கொடுத்து வாங்கியது அது. ஆனால் மின்வாரியத்தின் பக்கம் இதனால் ஒன்று நடந்தது. பம்ப் செட்டுக்கு மீட்டர் தேவையில்லாமல் போயிற்று. எந்த நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. மாதிரிக்குச் சில இணைப்புகளை அளந்து மாநிலம் முழுவதற்கும் மதிப்பிட்டுக்கொண்டார்கள். விலையும் மீட்டரும் போனபின் வாரியத்தின் கையில் மிஞ்சியது கடிகாரம்.

ஏன் கடிகாரம் தேவைப்பட்டது என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டும். தமிழ்நாட்டில் இன்று 23 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் 5 குதிரைத்திறன் என்று வைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஏறத்தாழ 8,500 மெகாவாட் வேண்டும். வீடு, கடை, ஆலை, ஏ.சி. எல்லாம் சேர்ந்து மாநிலம் 2024 மே 2-ல் தொட்ட உச்சமே 20,830 மெகாவாட்தான். மாலை 6 முதல் 10 மணிவரை வீடுகளில் விளக்கும் விசிறியும் டி.வி.யும் ஓடும் நேரத்தில் மோட்டார்களும் சேர்ந்துகொண்டால் எந்த மின்நிலையமும் தாங்காது. எனவே வாரியம் பம்ப் செட்டுகளை இரண்டு குழுவாகப் பிரித்தது. பகலில் 6 மணி நேரம், இரவில் 3 மணி நேரம் மும்முனை மின்சாரம். ஒரு குழுவுக்கு இருக்கும்போது மற்றதற்கு இருக்காது, பிறகு மாறும். மாலை உச்ச நேரத்தில் இருவருக்கும் கிடையாது. செயல்படுத்தும் விதம் எளிது. துணைமின் நிலையத்தில் மூன்று முனைகளில் ஒன்றை நிறுத்திவிட்டால் போதும். ஊரில் விளக்கு எரியும். மூன்று முனையும் வேண்டிய மோட்டார் நின்றுவிடும்.

இது ஊருக்குப் புதிய ஏற்பாடு அல்ல. ஆற்றில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் பொதுப்பணித் துறை முறைப்பாசனம் அறிவித்து வந்தது. இந்த வாய்க்காலுக்கு இத்தனை நாள், அடுத்த வாய்க்காலுக்கு இத்தனை நாள். கிளை வாய்க்காலுக்குள்ளும் மேல்மடைக்கு இந்த நேரம், கடைமடைக்கு இந்த நேரம் என்று ஊர்க்காரர்களே பேசிவைத்துக்கொள்வார்கள். முறை தவறி மடையைத் திறந்தவரைக் கேள்வி கேட்க ஊர் இருந்தது. கேள்வி கேட்டு அடிதடியில் முடிந்ததும் உண்டு. பற்றாக்குறையான ஒன்றை நேரம் வைத்துப் பகிர்வதைக் காவிரிக் கரை நூற்றாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறது. கரண்டுக்கு வந்த முறையில் ஒரே ஒரு வேறுபாடு. மடை முறையை வைத்தவர் அதே வாய்க்காலில் பாயவைப்பவர். மின்முறையை வைத்தவர் மோட்டார் ரூமுக்குள் இரவு ஒரு தடவையும் நின்றிருக்கமாட்டார்.

மோட்டார் ரூம் என்பது நாலு சுவர், ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே சுவரில் பலகை, பலகையில் ஸ்டார்ட்டர் பெட்டி, மெயின் சுவிட்சு, ஆம்ப் காட்டும் முள். அதற்கு மேலே வரிசையாக மூன்று சின்ன விளக்குகள், ஒரு முனைக்கு ஒன்று. இரண்டு விளக்கு மட்டும் எரிந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மூன்றும் எரிந்தால் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். அழுத்தியதும் மோட்டார் உறுமும், ஆம்ப் முள் மேலே துள்ளி மெதுவாக இறங்கும். இறங்காமல் நின்றால் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். உடனே நிறுத்தாவிட்டால் காயில் கருகும். ஒரு தடவை காயில் கட்டும் செலவு மூட்டைக் கணக்கில் நெல்லைத் தின்றுவிடும். கிணற்றுக்கு வெளியே வைத்த பம்பாக இருந்தால், புட்வால்வில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, குடத்தால் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுத்தபின்தான் பொத்தான். இதெல்லாம் முடிந்து மண்வெட்டியோடு வரப்பில் நடக்க வேண்டும். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்ததைத் திறக்கும் வேலை இரவெல்லாம் தொடரும். டார்ச் வெளிச்சத்தில் வரப்பில் பாம்பு கிடப்பது தெரியாது. ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு ஷாக் அடித்து இறந்தவர்கள் இல்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் இருக்காது. உச்ச நேரச் சுமையைப் பொறியாளர்கள் மெகாவாட்டில் அளக்கிறார்கள். அதில் பெரிய பங்கை இத்தனை ஆண்டுகளாக இரவுத் தூக்கத்தாலும் சில நேரம் உயிராலும் கட்டியவர் விவசாயி. மெகாவாட் கணக்கில் இந்தச் செலவு ஏறுவதில்லை.

இரவில் எழுந்து போக முடியாதவர்கள் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தார்கள். மும்முனை வந்தவுடன் மோட்டார் தானே ஓடும். வசதிதான். ஆனால் ஊரில் நூறு பேர் அதைச் செய்தால், கரண்ட் வந்த அந்த நொடியில் நூறு மோட்டாரும் ஒன்றாக முழுச் சுமையை இழுக்கும். டிரான்ஸ்பார்மர் வெடிப்பதும் பியூஸ் கட்டை உருகுவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான். வாழை நனைந்த பிறகும் மோட்டாரை நிறுத்த ஆளில்லாமல் தண்ணீர் வடிகாலில் ஓடும். இன்னொரு வழியும் இருந்தது. இரண்டு முனை மட்டும் இருக்கும் நேரத்தில் கண்டன்சர் போட்டு மூன்றாவது முனையை உண்டாக்கி மோட்டாரை ஓட்டினார்கள். வாரியம் அதைத் திருட்டு என்றது. பயிர் காய்கிற ஆள் அப்படிச் சொல்லவில்லை. குஜராத் விவசாயிகளும் இதே வித்தையைச் செய்தார்கள். அங்கே அந்தக் கருவிக்குத் தோட்டா என்று பெயர்.

குஜராத் அதற்கு எடுத்த மருந்து ஜோதிகிராம் திட்டம். 2003-க்குப் பிறகு சில ஆண்டுகளில் கிராம வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தார்கள். வீட்டுக்கு 24 மணி நேரமும், கிணற்றுக்குக் குறித்த 8 மணி நேரம் நல்ல வோல்டேஜில் தடையில்லாமலும் மின்சாரம். கம்பி தனி என்பதால் தோட்டாவுக்கு வேலையில்லாமல் போனது. 8 மணி நேரம் குறைவு என்று விவசாயிகள் குறை சொன்னார்கள். என்றாலும் எந்த 8 மணி நேரம் என்பது முன்கூட்டித் தெரிந்தது. தமிழ்நாடு இந்தத் தனிக் கம்பி வேலையில் மெதுவாகவே நடந்தது. வீடும் கிணறும் ஒரே கம்பியில் தொங்கும் கிராமங்களில் கிணற்றை அடக்க எது செய்தாலும் ஊர் அரவை மில்லையும் மாவு மிஷினையும் சேர்த்து அடக்கியது.

2003-ல் ஜெயலலிதா அரசு இலவச மின்சாரத்தை நிறுத்தியது. கட்டணம் கட்டுங்கள், சிறு விவசாயிகளுக்கு உதவித்தொகையை மணியார்டரில் அனுப்புகிறோம் என்றது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற அதே மே மாதத்தில் இலவசம் திரும்பி வந்தது. அதன் பிறகு எந்தக் கட்சியும் மீட்டர் பக்கம் போகவில்லை. இடையில் இணைப்புக்காகக் காத்திருந்தவர்கள் கதை தனி. இலவச இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சினார்கள். பணம் கட்டக்கூடியவருக்கு 10,000, 25,000, 50,000 ரூபாய் என்று சுயநிதிப் பிரிவுகள் இருந்தன. இலவச மின்சாரம் கிணறு வைத்திருப்பவருக்கே இலவசம். 2021 செப்டம்பரில் தொடங்கி ஒரு லட்சம் புதிய இணைப்புகள் கொடுக்கப்பட்டதைக் கிராமங்கள் பெரிய நிகழ்ச்சியாகப் பேசியதற்கு இந்த நெடுங்காத்திருப்புதான் காரணம்.

இதற்குள் மதகுச் சீமையும் மோட்டார்ச் சீமையாகிவிட்டது.

1924-ல் மைசூரும் சென்னையும் செய்துகொண்ட காவிரி ஒப்பந்தத்தின் 50 ஆண்டு 1974-ல் முடிந்தது. கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் எழுந்தன. நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது, 1991-ல் இடைக்காலத் தீர்ப்பு, 2007-ல் இறுதித் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று குறைத்து உறுதி செய்தது. இந்த ஆண்டுகள் நெடுக, மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கும் என்ற நம்பிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. 2012 முதல் 2019 வரை ஓர் ஆண்டுகூட அந்தத் தேதியில் திறக்கவில்லை. ஸ்ரீரங்கம் தீவிலும் அந்தநல்லூர், ஜீயபுரம், லால்குடி பக்கமும் வாழைக்காரர்கள் வடிமுனைக் குழாய் இறக்கி மோட்டார் வைத்தார்கள். வாழை பதினோரு, பன்னிரண்டு மாதப் பயிர். மேட்டூரோ வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது. நடுவே வரும் கோடையில் குலை தள்ளிய வாழைக்கு வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. ஆற்றுமணல் வடிகட்டித் தரும் நிலத்தடி நீரும் மோட்டாரும்தான் கதி. சரியாக அதே கோடையில்தான் நகரங்களில் ஏ.சி.கள் ஓடி மாநிலத்தின் மின்தேவை உச்சிக்குப் போகிறது.

2012-ல் இரண்டு பஞ்சமும் ஒன்றாக வந்தன. தமிழ்நாட்டில் 2008-லேயே தொடங்கியிருந்த மின்வெட்டு அந்த ஆண்டு உச்சத்தில் இருந்தது. நகரங்களைவிடக் கிராமங்கள் அதிக நேரம் இருட்டில் கிடந்தன. ஆலைகளுக்கு மாலை உச்ச நேரத்தில் கடும் தடை. மேட்டூரோ ஜூனில் திறக்கவில்லை, செப்டம்பர் 17-ல்தான் திறந்தது. ஜூன் தண்ணீரை நம்பி நடும் குறுவை நெல் போச்சு என்ற நிலையில் அரசு குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தது. அதன் முக்கிய அம்சம், டெல்டாவில் ஆழ்குழாய் போர் வைத்திருப்பவர்கள் நாற்று விட்டு நடுவதற்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் மும்முனை மின்சாரம். அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2011-ல் வென்றது ஸ்ரீரங்கம் தொகுதியில். மாநிலமே இருட்டில் கிடந்த ஆண்டில் டெல்டாவுக்கு 12 மணி நேரம் ஒதுக்கியது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. குறுவை நெல் அந்த ஆண்டு ஆற்றுத் தண்ணீரால் விளையவில்லை, மின்சாரத்தால் விளைந்தது. ஆனால் போர் இல்லாதவர் அந்தக் குறுவையை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மின்சாரம் ஆற்றின் இடத்தைப் பிடித்தபோது, மடை முறையில் தனக்கென்று ஒரு நேரம் வைத்திருந்த சிறு நிலக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் அந்த நேரம் இல்லாமல் போனது.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் கணக்கு இன்னொரு தடவை புரண்டிருக்கிறது. ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை சுழல்கின்றன. குறுவைக்கு இறைக்கும் மாதங்களும் ஏறக்குறைய அவைதான். 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. அதற்குப்பின் சூரிய மின்சாரம் வேகமாக வளர்ந்து, நடுப்பகலில் மின்சாரம் மிஞ்சும் நேரங்கள் வந்துவிட்டன. மாலை இருட்டியதும்தான் பற்றாக்குறை. பகலை நிரப்ப மோட்டாரைத் தேடிய 1930-களின் பொறியாளர் இன்று வந்தால் இந்த நிலைமை அவருக்கு உடனே புரியும். பகல் 10 மணியிலிருந்து 4 மணிவரை ஓடும் பம்ப் செட் இன்றைய மின்கட்டமைப்புக்குச் சுமையாகத் தெரியாது, உதவியாகத் தெரியும். இரவு 3 மணி நேர மும்முனைக்கு இருந்த ஒரே நியாயம் அதோடு போய்விட்டது. 2021 ஏப்ரல் முதல் விவசாயத்துக்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் என்று அரசு அறிவித்தது. குழுக்கள் ஏட்டளவில் மறைந்தன. கோடையில் நேரம் குறைகிறது, வோல்டேஜ் இல்லை என்ற புகார்கள் மறையவில்லை.

செல்போனில் இருந்தே மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கருவி இப்போது சாதாரணமாகிவிட்டது. மானியமும் உண்டு. இரவு வரப்பில் நடக்க வேண்டியதில்லை, அதற்காகவே அதைக் கும்பிடலாம். 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்திலும் மாநில அரசின் மானியத்திலும் சோலார் பம்ப் செட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. சோலார் பம்பு மாலை உச்ச நேரத்தைத் தொடவே தொடாது. ஆனால் அது காலையிலிருந்து வெயில் சாயும்வரை செலவில்லாமல் ஓடும், நிறுத்தச் சொல்ல யாருமில்லை. துறையூர்ப் பக்கம் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போன போர்களில் அது என்ன செய்யும் என்பது கேட்க வேண்டிய கேள்வி. காவிரிப் படுகையில் மணலடி நீரை வாழை மட்டும் குடிக்கவில்லை. திருச்சி மாநகரின் குடிநீர்க் கிணறுகளும் ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அதே மணலிலிருந்துதான் இறைக்கின்றன. பகலில் மிஞ்சும் சோலார் மின்சாரத்தைப் பொதுக் கம்பி வழியாகவே குறித்த பகல் நேரத்துக்கு உறுதியாகக் கொடுத்தால், உச்ச நேரமும் அடங்கும், கிணற்றுக்கும் ஓய்வு கிடைக்கும். இறைக்காத நாளின் சோலார் மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றுப் பணம் வாங்கும் வழி விவசாயிக்குத் திறந்தால், தண்ணீரைக் கிணற்றிலேயே விட்டுவைக்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

மாதந்தோறும் கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. மின்வாரியப் பொறியாளர்களும் வருகிறார்கள். பழுதான டிரான்ஸ்பார்மரை மாற்றித் தரச் சொல்லலாம், சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தச் சொல்லலாம். பல முறை நடந்தும் விடுகிறது. மும்முனை வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள், பகலிலேயே கொடுங்கள் என்று கேட்கும்போது அந்தக் கூட்டத்தில் பதில் சொல்லக்கூடியவர் இல்லை. எந்த நேரத்தில் எவ்வளவு சுமையை ஏற்றுவது, இறக்குவது என்பதைச் சென்னையில் உள்ள மாநில மின்பகிர்வு கட்டுப்பாட்டு மையம் முடிவு செய்கிறது. ஆயக்கட்டுத் தண்ணீருக்குப் பாசன விவசாயிகள் சங்கங்களைச் சட்டப்படி அமைக்கத் தமிழ்நாடு வழி செய்திருக்கிறது. கிணற்று மின்சாரத்தின் நேரத்தைப் பேசி முடிவு செய்ய அப்படி ஓர் அமைப்பு எந்த வட்டத்திலும் இன்னும் வரவில்லை.